கச்சானும் வாடையும்: திருகோணமலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகித் திருகோணமலைக்கு வந்தது ஒரு ஜூன் மாதக் கடைசியில். கடலோர ஊர்தானே, வெயில் அடித்தாலும் காற்று குளிர்ச்சியாக வரும் என்று நினைத்திருந்தேன். காற்று வந்தது, ஆனால் கடலிலிருந்து வரவில்லை. மேற்கே கன்னியா பக்கமிருந்து, நிலத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. கொடியில் போட்ட ஈரச்சேலை, நான் சோறு வடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மொடமொடவென்று காய்ந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, இது கச்சான். நாலு மணி மட்டும் மேற்குப் பக்க யன்னலைத் திறவாதேங்கோ." இங்கே 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. கச்சான் என்றால் நிலக்கடலை, மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் அதே பெயர். இரண்டு சொல்லும் தெரியாமல் அன்று விழித்துக்கொண்டு நின்றேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும், கனடா, சுவிஸ் என்று வளர்ந்துவிட்டு அப்பா அம்மாவின் ஊரில் குடியேற வருகிறவர்களும் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மே மாதம் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, இரத்தினபுரி பக்கம் மழையைக் கொட்டிவிடும். மத்திய மலைநாட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. இறங்க இறங்கச் சூடும் ஏறும். சமவெளி முழுக்கத் தவழ்ந்து கடைசியில் நம் ஊருக்கு வந்து சேரும்போது அது கச்சான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் ஆடிக்காற்றைத் தெரிந்தவர்களுக்கு இது அதே கதைதான் என்று புரிந்துவிடும். பகலில் 34, 35 பாகை சாதாரணம். சில நாள் அதற்கும் மேலே போகும். பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் உடம்பு ஆறும். கச்சான் அதை அடக்கிவிடுகிற நாட்களில் இரவு எட்டு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். காலை ஒன்பது மணிக்குள் மேற்கு யன்னல்களைச் சாத்தித் தடித்த துணியால் மறைத்துவிடுவேன். சாயங்காலம் கடல் பக்கம் குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். கடை, வங்கி வேலைகளைப் பதினொரு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள், உண்மையிலேயே சுடும். காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். குடிக்க இளநீர், தேசிக்காய் (எலுமிச்சை)த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, மோர். இந்தக் காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. வேர்க்கவில்லையே என்று வெளியில் நிற்கிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வருகிற குடும்பங்கள் சரியாகக் கச்சானுக்குள்தான் வந்து இறங்குகின்றன. பிள்ளைகளுக்கு முதல் வாரம் மத்தியான வெயிலே வேண்டாம்.

ஏப்ரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இந்த ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. அந்த மாதமும் அக்டோபரும் இடி மின்னலுக்குப் பேர் போனவை. பிற்பகலில் கறுத்து வந்தால் டிவி, ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், வயல்வெளியிலும் கடற்கரையிலும் நிற்காதீர்கள்.

இனி மழை. வீடு பார்ப்பதும் இதில்தான் சேரும், ஏனென்றால் எனக்குப் பெரிய அடி விழுந்தது அங்கேதான்.

நாங்கள் முதலில் வாடகைக்குப் பார்த்த வீடு ஆடி மாதத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. முற்றம் வெள்ளை மணல், கிணற்றில் நல்ல தண்ணீர். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருந்ததை நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு விடியற்காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே நின்றது. அரிசி மூட்டை, என் படிப்புச் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம், எல்லாம் தரையில் இருந்தன. வெள்ளம் வடிந்ததும் சுவரில் புதிதாக ஒரு கோடு. பெயின்ட் முடிகிற இடத்துக்கு நாலு விரல் கீழே.

அதனால், வீட்டை வெயில் காலத்தில் பார்த்தாலும் மழைக்காலத்து வீடாக நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீடுகளிலும் சந்திக் கடையிலும் கேளுங்கள்: "மாரிக்கு இங்கே எவ்வளவு தண்ணி நிற்கும்?" கைகாட்டியே சொல்லிவிடுவார்கள். கிணற்றுக் கட்டு எவ்வளவு உயரம், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், கூரை ஓடா சீற்றா (ஷீட்), அதன் மேல் தென்னை சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். தெருவை விட வீட்டு வாசல் தாழ்ந்திருந்தால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். அது வாடைக்காற்றுக் காலம். கடல் சாம்பல் நிறமாகும், துணி மூன்று நாள் காயாது, அலமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பெரும்போகம் என்கிற மாரிக்கால நெல்லுக்கு இந்த மழைதான் உயிர், அதனால் ஊரில் யாரும் இதைத் திட்ட மாட்டார்கள்.

புயலும் இந்தக் காலத்தில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன்னால் இந்தக் கரையைத்தான் அடித்துவிட்டுப் போனது. 2020 டிசம்பர் 2 இரவு புரவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா வந்தபோது மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் பட்ட பாட்டை இங்கே எல்லாரும் அறிவார்கள். புதியவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: மகாவலி மலைநாட்டிலிருந்து வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற ஆறு. இங்கே வானம் வெளுத்திருக்கும், ஆனால் மலையில் பெய்த மழை பிறகு வந்து சேரும். அதனால் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் குடியிருக்கிறவர்கள் கண்டி, நுவரெலியா மழைச் செய்தியையும் கேளுங்கள். கந்தளாய்ப் பக்கம் குளத்தின் வான்கதவு (மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் மதகு) திறக்கிறார்கள் என்ற அறிவிப்பையும் தவறவிடாதீர்கள்.

வந்த முதல் வாரத்திலேயே உங்கள் பிரிவு கிராம அலுவலரைப் பார்த்துப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதும் நிவாரணப் பட்டியலும் அவர் வழியாகத்தான் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின், அதாவது பேரிடர் மேலாண்மை மையத்தின் எண் 117, அம்புலன்ஸுக்கு 1990. கடவுச்சீட்டு, விசா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். நவம்பர் பிறந்தால் டார்ச், மெழுகுவர்த்தி, பவர் பேங்க், ஒரு வாரத்துக்கான மருந்து, பால்மா கையிருப்பில் இருக்கட்டும். கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும், அதனால் தாங்கியை முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள்.

மழை விட்டதும் நுளம்பு, அதாவது நம் ஊர்க் கொசு. 2017இல் நாடு முழுக்க 1,80,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது கிண்ணியா மிகவும் துன்பப்பட்டது. சிரட்டை, பூச்சட்டித் தட்டு, கூரைப் பீலி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் துடையுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். வயல் சேற்றில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

அப்புறம் கடல். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கச்சான் காலத்தில் குளம் போலக் கிடக்கிற அதே தண்ணீர், வாடைக்காலத்தில் காலை இழுத்துக்கொண்டு போகும். புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாத மாதங்களில் நீங்களும் இறங்காதீர்கள். பிப்ரவரி கடந்து, கடற்கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போடும் மீனவர்கள் மேற்குக் கரையிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக வரத் தொடங்குவார்கள். வலையைக் காய வைத்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் முதலில் அலையைப் பார்ப்பார், பிறகு வடக்கே வானத்தைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பதில் சொல்வார்.