பின் நுழைந்துவிட்டது, குரலைக் காணோம்

அக்கா மகள் குழந்தைகளுக்கான கதைகளை வாசித்துப் பதிவு செய்வாள். பின்னணியில் மெல்லிசாக வீணை சேர்த்து, எம்பி3 கோப்பாக்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். ஒருநாள் போன் செய்தாள். "மாமா, ஹெட்போன்ல கேட்டா நல்லாத்தான் இருக்கு. பாட்டி போன்ல போட்டா வீணை மட்டும் வருது, நான் பேசுறதே கேக்கல."

போய்ப் பார்த்தேன். தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சும்மா கிடந்த மிக்ஸர் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். மைக்கிலிருந்து மிக்ஸர், மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் (மேடை மைக் ஒயர்களில் வரும் வட்டமான இணைப்பு) அவுட்டிலிருந்து டெஸ்க்டாப்பின் பின்பக்கம் உள்ள நீல நிற லைன்-இன் (வேறு கருவியின் சத்தத்தை உள்ளே வாங்கும் ஓட்டை). நடுவில் ஒரு ஒயர், ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கடைக்காரரும் "இது போதும்மா" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

கோளாறு அந்த ஒயரில்தான். எக்ஸ்எல்ஆரில் 3 பின்கள். 1ஆம் பின் கிரவுண்ட். 2ஆம் பின்னில் குரல் உள்ளபடி போகிறது. அதே குரல் 3ஆம் பின்னில் தலைகீழாகப் போகிறது, அதாவது 2இல் மின்னழுத்தம் ஏறும்போது 3இல் இறங்கும். வாங்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறிய இரைச்சல் அந்தக் கழித்தலில் போய்விடும், குரல் மட்டும் தங்கும். பேலன்ஸ்டு இணைப்பு என்பது இதுதான். மேடையில் 30 மீட்டர் ஒயர் இழுத்தும் சத்தம் சுத்தமாக வருவது இதனால்தான்.

கணினியின் லைன்-இன்னுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பின்னின் நுனியில் வருவதை இடது காதுக்கும், அடுத்த வளையத்தில் வருவதை வலது காதுக்கும் எழுதிக்கொள்ளும். ஆக இடது காதில் நேர்க்குரல், வலது காதில் தலைகீழ்க்குரல். ஹெட்போனில் கேட்டால் ஏதோ விசாலமாக ஒலிப்பது போலக்கூடத் தோன்றும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும், கூட்டினால் பூஜ்ஜியம். வீணை பிறகு மென்பொருளில் சேர்த்தது என்பதால் அது தப்பித்தது. கரோக்கிக்காகப் பாட்டிலிருந்து பாடகர் குரலை நீக்குவதற்குச் செய்கிற அதே வேலையை, அவளுக்குத் தெரியாமலே ஒயர் செய்துவிட்டது.

நல்லவேளையாக, பதிவு வீணாகவில்லை. வீணை சேர்க்காத மூலக் கோப்பு கையில் இருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அதைத் திறந்து, ஸ்டீரியோவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மோனோவாக வைத்துக்கொண்டோம். ஒயருக்குப் பதிலாக, மிக்ஸரில் 'ரெக் அவுட்' என்று எழுதியிருந்த சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோவுக்குப் போகும் சாதாரண ஒயரை மாட்டினோம். முடிந்தது.

வீட்டில் குரல் பதிவு செய்ய ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். பின் நுழைகிறதா என்று பார்த்து வாங்குகிறோம். உள்ளே எத்தனை கம்பி, எவ்வளவு வலுவான சிக்னல், எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் போக வேண்டும் என்று பார்ப்பதில்லை.

கறுப்புக் கோடுகளை எண்ணாமல் வாங்குவது

3.5 மி.மீ. பின்னைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். ஒரு கோடு என்றால் மோனோ. இரண்டு என்றால் ஸ்டீரியோ. மூன்று என்றால் மொபைல் ஹெட்செட் வகை: இடது, வலது, கிரவுண்ட், மைக் என்று நான்கு தொடர்பு.

டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் ரோஸ் நிற ஓட்டை மைக்குக்கு, பச்சை ஹெட்போனுக்கு, நீலம் லைன்-இன்னுக்கு. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி காலத்து நிறங்கள் இவை. ரோஸ் ஓட்டை மைக் சிக்னலைப் பின்னின் நுனியில் எதிர்பார்க்கும். மூன்று கோடு உள்ள காலர் மைக்கில் அது அடிமுனையில் வருகிறது. அங்கே டெஸ்க்டாப்பில் கிரவுண்ட் இருக்கும். விளைவு, மயான அமைதி. மைக் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பாவம், மைக் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போதைய லேப்டாப்பில் இதற்கு நேர்மாறு. ஒரே ஓட்டை, அது மூன்று கோட்டுப் பின்னுக்கானது. அதில் கேமராவுக்கான இரண்டு கோட்டு மைக்கைச் செருகினால் ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். தேவையானது, மைக்குக்கு ஒன்று ஹெட்போனுக்கு ஒன்று எனப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர். கடையில் கவனம் வேண்டும். இரண்டு பேர் ஒரே பாட்டுக் கேட்பதற்கான ஸ்ப்ளிட்டரும் பார்க்க அப்படியே இருக்கும். சரியானதில் செருகும் பின்னில் மூன்று கோடு இருக்கும், சாக்கெட் ஒன்றின் மேல் மைக் படம் இருக்கும்.

இதைவிட மோசம், தவறு நடந்ததே தெரியாமல் போவது. வெளி மைக்கை லேப்டாப் கண்டுகொள்ளவில்லை என்றால், அது பாட்டுக்குத் தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். நாமும் சட்டையில் மாட்டிய மைக்கை நம்பி அரை மணி நேரம் பேசியிருப்போம். ஆகவே ரெக்கார்டிங்கை ஆரம்பித்ததும் மைக் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். திரையில் அலை எகிற வேண்டும். எகிறாவிட்டால், லேப்டாப்பின் விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். எந்த மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

48 வோல்ட் கேட்கும் மைக்கை லேப்டாப் ஓட்டையில் செருகுவது

ஆன்லைனில் ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் எல்லாம் சேர்த்து மலிவாக விற்கும் கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும் வகை) பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மைக்கில் எக்ஸ்எல்ஆர் இருக்கும், கூடவே 3.5 மி.மீ. பின் உள்ள ஒயரும் தருவார்கள். நேரே லேப்டாப்பில் போடலாம் என்று தோன்றும். போட்டால் சத்தமும் வரும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். மெலிந்த குரல், அதற்குப் பின்னால் மழை பெய்வது போல ஓர் இரைச்சல்.

லேப்டாப்பின் மைக் ஓட்டை சில வோல்ட்தான் தரும். சின்னக் காலர் மைக்குக்கு அது போதும். ஸ்டூடியோ வகைக் கண்டென்சருக்குப் பொதுவாக 48 வோல்ட் வேண்டும், அதுவும் குரல் வருகிற அதே ஒயர் வழியாக. இதற்கு ஃபேண்டம் பவர் என்று பெயர். அது என்ன 48? 1966இல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் தன் புதிய டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே வானொலிக்கு எடுத்துச் சென்றது. அங்கே ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். இருட்டில் எரிய வைத்திருந்த விளக்கின் கணக்கு இன்று நம் வீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பொத்தானில் உட்கார்ந்திருக்கிறது.

48 வோல்ட் தரும் தனிப் பெட்டியும் கிடைக்கிறது. அதை வாங்கி, அதிலிருந்து மறுபடி லேப்டாப் ஓட்டைக்கே போகிறவர்கள் உண்டு. மைக்குக்குப் பசி தீரும், லேப்டாப்பின் இரைச்சல் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃபேண்டம் உள்ள சிறிய இன்டர்ஃபேஸை வாங்குவதே மேல்.

இன்டர்ஃபேஸ் வாங்கியும் பி-38 ஒயரைப் போடுவது

ரேடியோ சாமான் கடைகளில் 6.35 மி.மீ. பெரிய பின்னை பி-38 என்பார்கள், 3.5-க்கு இபி. பி-38 பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுகளிலிருந்து வந்த வடிவம், கிடாருக்கும் கரோக்கி மைக்குக்கும் இன்றும் அதுதான்.

இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் ஒரே ஓட்டையில் எக்ஸ்எல்ஆரும் போகும், நடுவில் பி-38-உம் போகும். இரண்டும் போகிறதே, எதைப் போட்டால் என்ன என்று தோன்றும். உள்ளே இரண்டுக்கும் தனித்தனி வழி. எக்ஸ்எல்ஆரின் மூன்று துளைகள் மைக் ஆம்ப்ளிஃபயருக்குப் போகின்றன, 48 வோல்ட்டும் அங்கேதான் வருகிறது. நடு ஓட்டை பெரும்பாலான மாடல்களில் கிடாருக்கும், மிக்ஸர் போன்ற கருவிகளிலிருந்து வரும் வலுவான லைன் சிக்னலுக்கும் ஆனது.

வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. மேடைக் கருவிகளின் லைன் சிக்னல் சுமார் 1.23 வோல்ட். மேடைகளில் எங்கும் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் (வெளிக் கரண்ட் தேவையில்லாத வகை) ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 2 மில்லிவோல்ட்கூடத் தருவதில்லை. நண்பர் ஒருவர் எக்ஸ்எல்ஆரிலிருந்து பி-38-க்குப் போகும் ஒயரை மாட்டி, கெயின் (சிக்னலைப் பெருக்கும்) திருகை மூலைவரை திருகி வைத்துக்கொண்டு, இன்டர்ஃபேஸ் மட்டம் என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தார். இரு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயரை மாட்டியதும் திருகைப் பாதிக்குக் குறைக்க வேண்டி வந்தது.

கண்டென்சரானால் மாட்டிய பிறகு 48ஐ போடுங்கள், கழற்றும் முன் அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் காதில் ஹெட்போன் வேண்டாம். 'டப்' என்று ஓர் அறை விழும்.

யூஎஸ்பி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

ஒருவர் மட்டும் பேசிப் பதிவு செய்ய, யூஎஸ்பி மைக் போதும் என்பது என் கட்சி. எக்ஸ்எல்ஆர் இல்லாவிட்டால் அது மைக்கே இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள சாம்சன் கியூ2யூ மாதிரியான மைக் கிடைத்தால் பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கும்போதும் உதவும்.

தவறு நடப்பது ஒயரில். மைக்கில் விளக்கு எரியும், கணினியில் மைக்கின் பெயரே வராது. பழைய பவர் பேங்க்கோடு வந்த சார்ஜிங் ஒயராக இருக்கும். உள்ளே டேட்டா கம்பி கிடையாது. சி-டைப்பாக இருந்தாலும் இதே கதைதான். இன்னொன்று, கீபோர்டு, மவுஸ், ஹார்டு டிஸ்க் எல்லாம் தொங்கும் ஹப்பில் மைக்கையும் சேர்க்காதீர்கள், கணினியில் நேராகப் போடுங்கள். ஒயரை நீட்டவும் வேண்டாம், யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் எல்லை.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதானால் நான் கட்சி மாறிவிடுவேன். விண்டோஸில் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் பதிவு செய்வது தலைவலி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். நேரம் போகப் போக இருவர் குரலும் விலகும். அங்கே இரண்டு எக்ஸ்எல்ஆர் உள்ள இன்டர்ஃபேஸ்தான்.

ப்ளூடூத் இயர்போனில் பதிவு வேண்டாம். பாட்டுக் கேட்கும்போது இருந்த தரம், மைக்கைத் தொட்டதும் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும்.

'ம்ம்ம்' சத்தத்துக்கு மைக்கை மாற்றுவது

எல்லாம் சரியாக மாட்டியும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் ஓடினால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கிரவுண்ட் வழியாகச் சுற்றி வருகிறது. பதிவு முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டலாம். அல்லது லேப்டாப், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பார்க்கலாம். சத்தம் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கின் தடித்த எர்த் பின்னை உடைக்கும் வைத்தியத்தைச் சிலர் சொல்வார்கள். செய்துவிடாதீர்கள், ஷாக் அடிக்கும் ஆபத்து அது.

கடைக்குப் போகும்போது மைக்கின் அடிப்பக்கத்தையும் அது போய்ச் சேரும் ஓட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "மைக் ஒயர் கொடுங்க" என்றால் கைக்குக் கிடைத்ததைத்தான் தருவார்கள். மைக்குப் பக்கம் எக்ஸ்எல்ஆர் ஃபீமேல், இன்டர்ஃபேஸ் பக்கம் எக்ஸ்எல்ஆர் மேல், 3 மீட்டர் என்று கேளுங்கள். பின்னின் மூடியைத் திருகித் திறக்க முடிகிற ஒயரானால் அங்கேயே திறந்து பாருங்கள். மூன்று இடத்திலும் ஈயம் வைத்திருக்க வேண்டும்.