பவுண்ட் கேக் (வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா எல்லாம் சம எடையில போட்டு செய்யற கேக்) அடியில களி மாதிரி நிக்குதா?

மேல நல்லா உப்பி வந்திருக்கும், வெட்டிப் பாத்தா அடியில ஈரமா ஒரு பட்டை. முக்காவாசி நேரம் வெண்ணெய்தான் காரணம். நம்ம ஊர் வெயில்ல வெளிய வச்ச வெண்ணெய் அரை மணி நேரத்துல எண்ணெயா பளபளக்க ஆரம்பிச்சிடும், அத சர்க்கரையோட எவ்வளவு அடிச்சாலும் உள்ள காத்து நிக்காது. விரலால அழுத்தினா குழி விழணும் ஆனா விரல் வழுக்கிட்டு உள்ள போகக்கூடாது, சுமாரா 18 - 20 டிகிரி, அதான் பதம்.

சர்க்கரை பெரிய பரலா இருந்தா மிக்ஸில ஒரே ஒரு சுத்து விடுங்க, மாவாக்கிடாதீங்க. முட்டைய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்தினா கலவை திரிஞ்சு போகும், வெதுவெதுப்பான தண்ணில 10 நிமிஷம் போட்டு வச்சிட்டு ஒவ்வொண்ணா சேருங்க. அப்படியும் திரிஞ்சா ஒரு ஸ்பூன் மைதா போட்டா சேந்துக்கும்.

மைதா போட்டதும் அடிக்கிற பீட்டர் மிஷின ஓரமா வச்சிடுங்க, கரண்டியால மடிச்சா போதும், இல்லன்னா கேக் ரப்பராகி உள்ள நீள நீளமா ஓட்டை விழும். அளவு கப்புல வேணாம், தராசுதான், கப்புல அமுக்கி எடுத்தா மைதா ஜாஸ்தியாகி உதிரும். 160 டிகிரில ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், அதுக்கு முன்னாடி ஓவன் கதவத் தொறந்து தொறந்து பாக்காதீங்க.