வேர்நுனி அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாவது எப்படி

பல்லின் வேருக்குள் இருக்கும் கால்வாயைத் துப்புரவாக்கி நிரப்பும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்து மாதங்கள் கழிந்த பின்னும் கடிக்கும்போது பல் நொந்தாலோ, முரசில் சிறு பரு தோன்றிச் சீழ் வடிந்து அடங்கி மறுபடியும் தோன்றினாலோ, வேர்நுனியைச் சூழ்ந்த எலும்பில் தொற்று எஞ்சியிருக்கக்கூடும். நோவே இல்லாமல் எக்ஸ்றேயில் மட்டும் அது தெரிவதும் உண்டு. பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று பலரும் முடிவெடுப்பது இந்தக் கட்டத்தில்தான், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில், பழைய நிரப்பலை அகற்றி மேலிருந்தே மீண்டும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்ய முடியுமா என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். கால்வாய் அடைபட்டிருந்தாலோ, பல்லைத் தாங்க வேருக்குள் இறுக்கிய தண்டையும் பல்லின் மேலுள்ள உறையையும் கழற்றினால் வேர் வெடித்துவிடும் என்ற அச்சம் இருந்தாலோ வேர்நுனி அறுவைச் சிகிச்சை பொருத்தமாகும். வேர் நெடுக வெடித்த பல்லை இதனாலும் காக்க முடியாது.

சிகிச்சையின்போது விறைப்பு ஊசி போட்டு, முரசை விலக்கி, எலும்பில் சிறு துவாரமிட்டு, தொற்றுற்ற இழையத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பின்னர் வேர்நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரை வெட்டி அகற்றுவார்கள். கிருமிகள் பதுங்கும் நுண்ணிய கிளைக்கால்வாய்களிற் பெரும்பாலானவை அந்தச் சிறு பகுதியில் இருப்பதே இதற்குக் காரணம். வெட்டிய முனையில் குழி செய்து எம்.டி.ஏ. (MTA) போன்ற பற்சிகிச்சைச் சீமெந்தால் அடைத்துத் தையலிடுவார்கள். எடுத்த இழையத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் வழக்கம்.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் விசாரித்து, அங்கு இச்சிகிச்சைக்கு வழியில்லையெனின் யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ சிறப்பு வைத்தியரிடம் செல்வதற்கான கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். பழைய எக்ஸ்றே படங்களையும் கிளினிக் கொப்பியையும் கட்டாயம் கொண்டுபோங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, எலும்புத் தேய்வுக்கான மருந்து ஆகிய எதையும் மறைக்க வேண்டாம். அஸ்பிரினை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். வன்னியில், குறிப்பாக வவுனியாப் பக்கம், சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஐபுபுரோபன் வகை நோமாத்திரைகள் பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வைத்தியர் மாற்று மருந்து தருவதற்கு உங்கள் நோயை அவர் அறிந்திருக்க வேண்டும். மேற்கடைவாய்ப் பல்லென்றால் சைனஸ் அறை (மூக்கையொட்டிய காற்றறை) எவ்வளவு அருகில் உள்ளது என்றும், கீழ்ப்பல்லென்றால் உதடு மரத்துப்போகும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ்ஸில் செல்பவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. நெல் வெட்டுக்காலத்தைத் தவிர்த்து நாள் கேளுங்கள், ஏனெனில் சில நாட்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த முதல் நாள் கன்னத்தில் விட்டுவிட்டு ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் கூடிப் பின் வற்றும். ஆறிய கஞ்சியும் குழைத்த சோறும் போதும். தையலைப் பார்ப்பதற்காக உதட்டை இழுக்காதீர்கள். வெற்றிலையும் புகைத்தலும் காயம் ஆறுவதைக் கெடுக்கும் என்பதால் அவற்றை முற்றாக விடுங்கள். நிற்காத இரத்தக்கசிவு, காய்ச்சல், மூன்று நாளுக்குப் பின்னும் பெருகும் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தையல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வெட்டப்படும். எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும் என்பதால், நோவு போய்விட்டாலும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்றே எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள்.