நடுத்தர ஏடிவி வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். கேட்கலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பணம் போச்சு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடுத்தர ரகம் என்று விற்பது ஏறக்குறைய 400 முதல் 600 சிசி வரை. இந்த ரகத்தில் வண்டிமேல் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. யமஹா கோடியாக் 450-இல் இருப்பது 421 சிசி எஞ்சின். கேன்-ஆம் 2023-இல் புதிதாகக் கொண்டுவந்த அவுட்லேண்டர் 500, 700 இரண்டிலும் ஒரே 650 சிசி ஒற்றை சிலிண்டர்தான், ஒன்றில் 40 எச்பி, மற்றதில் 50. ஸ்டிக்கரைப் பார்த்து முடிவெடுப்பவர்களை டீலர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சிசி ஒன்றாகவே இருந்தால் வேலையும் ஒன்றாக நடக்குமா என்றால் அதுவும் இல்லை. ஹோண்டா ராஞ்சர் 420 சிசி, மேலே சொன்ன கோடியாக் 421. ராஞ்சருக்கு ஹோண்டா தரும் இழுவை வரம்பு 848 பவுண்டு, கோடியாக்குக்கு யமஹா தருவது 1,322. இந்த வித்தியாசம் எஞ்சின் அளவால் வந்ததல்ல. கியர், சஸ்பென்ஷன், பிரேக், இழுத்த பாரத்தோடு இறக்கத்தில் நிற்க முடியுமா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே உட்கார்ந்து, எதை இழுக்கப் போகிறோம், அது எவ்வளவு கனம் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பச்சை ஓக் விறகு ஒரு முழு கார்டு (அங்கே விறகை அடுக்கி அளக்கும் அளவு) 4,000 பவுண்டைத் தாண்டும். கால் கார்டு ஏற்றினாலே 1,000 பவுண்டு, டிரெய்லரின் எடை தனி. அந்த வேலைக்கு ராஞ்சரை வாங்கிவிட்டு "எஞ்சினில் பவர் இல்லை" என்று புலம்பிப் பயனில்லை. வெறும் வேலி சுற்றிப்பார்க்கவும் நாலு மூட்டை தீவனம் கொண்டுபோகவும் என்றால் அதே ராஞ்சர் தாராளமாகப் போதும், 700-க்குப் போய் காசைக் கொட்ட வேண்டாம்.

உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டர்போ இல்லாத எஞ்சின் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடி ஏறும்போதும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவின் லெட்வில் ஊரே 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இன் 44 எச்பி அங்கே போனால் முப்பதை ஒட்டி நிற்கும். ஃபியூவல் இன்ஜெக்ஷன் இருக்கிறதே என்பார்கள். அது காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும், அவ்வளவுதான். இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்? மலைமேல் ஓட்டப் போகிறவர்கள் ஒரு படி பெரிய எஞ்சினாக எடுப்பது நியாயம்.

இருக்கிற பவரை நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. 25 அங்குல டயரோடு வந்த வண்டிக்கு, பார்க்க கம்பீரமாக இருக்கிறதே என்று 28 அங்குலம் மாட்டுகிறார்கள். சக்கரம் 12 சதவீதம் பெரிதானால் கியர் முழுக்க அதே அளவுக்கு மேலே ஏறிவிட்ட மாதிரி, தரையில் கிடைக்கும் உந்துவிசை குறையும், டயரின் கூடுதல் கனம் வேறு. கிளட்ச்சையும் மாற்றாவிட்டால் பெல்ட்தான் அடிவாங்கும். பெல்ட் என்றதும் இன்னொன்று: இந்த ரகத்தில் பெரும்பாலான வண்டிகள் சிவிடி பெல்ட்டில், அதாவது நாம் கியர் மாற்றாமல் பெல்ட்டே வேகத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் அமைப்பில், ஓடுபவை. பாரம் இழுக்கும்போதும், நடை வேகத்தில் சேற்றில் போகும்போதும், செங்குத்தாக ஏறும்போதும் லோ-வில், அதாவது மெதுவாகப் பலமாக இழுக்கும் நிலையில், போட வேண்டும். ஹை-யிலேயே வைத்து முறுக்கினால் பெல்ட் வழுக்கி, சூடேறி, ரப்பர் கருகும் நாற்றம் வரும். பெல்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு ஹோண்டா கியர் வண்டிகளாகவே செய்கிறது.

ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருந்தால் நாலு சக்கரமும் எப்போதும் சமமாக இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். முன் டிஃபரென்ஷியல் (இரண்டு முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர்) லாக் ஆகாத வண்டியில், பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சக்தி அதைச் சும்மா சுற்றவைப்பதிலேயே போகும். சுசுகி கிங்க்வாட் 500-இல் லாக் இருக்கிறது, ராஞ்சரில் இல்லை. போலாரிஸில் பின்சக்கரம் வழுக்கினதும் முன்பக்கம் தானாகச் சேர்ந்துகொள்ளும். சகதியில் ஓட்டுபவருக்கு 5 எச்பி கூடுதலைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

எடையை ஒப்பிடும்போது ஒரு சின்னச் சூது இருக்கிறது. போலாரிஸ் பட்டியலில் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாத எடை, ஹோண்டா பட்டியலில் எல்லாம் ஊற்றி ஓட்டத் தயாரான எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஹோண்டா அநியாயத்துக்கு கனமாகத் தெரியும். அப்புறம் அகலம்: அமெரிக்க வனத்துறைப் பாதைகளில் நிறைய இடங்களில் 50 அங்குலத்துக்கு மேல் அனுமதி இல்லை. சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் வீல் ஸ்பேசர் மாட்டுமுன் அளந்துகொள்ளுங்கள்.

ஒற்றை ஆள் வண்டியில் பின்னால் பிள்ளையை ஏற்றாதீர்கள். இதில் பேச்சே இல்லை. இரண்டு பேர் போக வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங், அவுட்லேண்டர் மேக்ஸ் மாதிரி அதற்கென்றே நீட்டிச் செய்தவை இருக்கின்றன. வண்டி குடைசாய்ந்து ஆள் அடியில் சிக்குவதுதான் பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்பனைக்கு வரும், பொதுப் பயன்பாட்டுக்கான புது குவாட் பைக்குகளுக்கு (ஏடிவியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பாதுகாப்பு வளைவு கட்டாயம் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

பழையது வாங்கினால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஆயில் குச்சியை உருவுங்கள், பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீட்டைக் கழற்றி ஏர் பாக்ஸ் (காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டி) மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீரில் மூழ்கின வண்டி என்றால் ஃபில்டருக்கு உள்பக்கம், மூலையில், காய்ந்த சேறு கோடுபோட்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்த மூலை மட்டும் அழுக்காகவே இருக்கும். அப்படிக் கண்டால் விலை பேசவே பேசாதீர்கள். இல்லையென்றால் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும். ஆக்சிலில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். இவையெல்லாம் மாற்றக்கூடியவை, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேட்கலாம்.