பத்து மாவுங் குன்றில் பீரங்கி மேடை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த அண்ணன் மகனை, மலேசியாவின் பினாங்குத் தீவில் பழைய பிரிட்டிஷ் கோட்டை இருக்கும் பத்து மாவுங் குன்றுக்கு அழைத்துப் போனேன். முதல் மேடையைப் பார்த்ததுமே அவன் கேட்டான்: “சித்தப்பா, இங்கிருந்துதானே ஜப்பான்காரன் விமானத்தைச் சுட்டாங்க?”

பெரியவர்களும் அங்கே இதையேதான் கேட்கிறார்கள். வட்டமான குழி, சுற்றிலும் கான்கிரீட், மேலே திறந்த வானம். பார்த்தவுடன் விமான எதிர்ப்புப் பீரங்கி என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். 1930களில் பிரிட்டிஷார் இந்தக் கோட்டையைக் கட்டியது கடலிலிருந்து வரும் கப்பல்களைத் தடுக்க. இங்கு வைத்த முக்கியப் பீரங்கிகள் 6 அங்குல வாய் கொண்டவை. ஒரு குண்டே சுமார் 45 கிலோ. அவற்றின் முகம் கடலைப் பார்த்தது.

எதிரி அந்தப் பக்கமாக வரவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கோத்தா பாருவில் கரையேறியது. டிசம்பர் 11 அன்று பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மேல் விமானங்கள் குண்டு போட்டன. அவற்றைச் சுட்டு விரட்ட அன்று பினாங்கில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கிகூட இல்லை. சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் குண்டுகள் விழுந்தன. ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷார் இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போனார்கள். உள்ளூர் மக்கள் இங்கேயே விடப்பட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். இதைத் தெரிந்துகொண்டு மேடையில் ஏறி நின்றால் அந்த இடம் வேறு மாதிரித் தெரியும். தெரியாமல் போனால் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு சரி.

அப்படியானால் எது எந்தப் பீரங்கிக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கான்கிரீட்டைப் படிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கனரக விமான எதிர்ப்புப் பீரங்கி 3.7 அங்குலம், குண்டு 12, 13 கிலோ இருக்கும். அது நாலாபுறமும் திரும்பிச் சுட வேண்டும். அதனால் குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுவர் ஒரே உயரத்தில் நிற்கும். சுவரோரமாகக் குண்டுகளை அடுக்கும் மாடங்கள் இருக்கும். பெரும்பாலும் இப்படி 4 குழிகள், அவற்றுக்கு நடுவில் விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும் கட்டளை மேடை. கடலோரப் பீரங்கிக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் கடலுக்குத் திறந்திருக்கும், பின்னால் மண்ணுக்கு அடியில் வெடிமருந்துக் கிடங்கு இருக்கும். இரண்டு வகையிலுமே தரையில் வட்டமாகப் பதித்த போல்ட்டுகளைப் பார்க்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று: குழி இருக்கிறது என்பதால் அதில் பீரங்கி இருந்தது என்று ஆகிவிடாது. கட்டி முடித்த மேடை எல்லாவற்றுக்கும் பீரங்கி வந்து சேர்ந்துவிடுவதில்லை.

சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கான்கிரீட் ஊற்றியபோது வைத்த பலகைகளின் நரம்பு அப்படியே பதிந்திருக்கும், சில இடங்களில் மரத்தின் கணுகூடத் தெரியும். அண்ணன் மகன் விரலால் அந்தப் பலகைத் தடத்தைத் தொட்டுக்கொண்டே ஒரு சுவர் நீளத்துக்கு நடந்தான். அதே சுவரில் யாரோ சாவியால் கீறிய இரண்டு காதலர் பெயர்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கீறிய கான்கிரீட்டை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

எல்லாவற்றையும் ‘ஜப்பான்காரன் சுரங்கம்’ என்று சொல்வதும் தப்பு. ஜப்பானியர் பின்னால் பயன்படுத்திய இடங்கள் உண்டு, ஆனால் பயன்படுத்தியவன் வேறு, கட்டியவன் வேறு. ஹாங்காங்-சிங்கப்பூர் பீரங்கிப் படை என்ற பிரிட்டிஷ் படைப் பிரிவில் இந்தியச் சிப்பாய்கள்தான் பெருமளவில் பீரங்கி இயக்கினார்கள். பேய்க் கதை கேட்கவே இரவில் வருகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

பத்து மாவுங் கோட்டை 2002 முதல் போர் அருங்காட்சியகமாக இருக்கிறது, வேலி உண்டு, பாதை உண்டு. தீவில் வேறு இடங்களில் புதருக்குள் கிடக்கும் காவல் அரண்கள் அப்படியல்ல. அங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது: மண்ணில் துருப்பிடித்த உருளை தெரிந்தால் காலால் தட்டிப் பார்ப்பது, எடுத்துப் பையில் போடுவது. எண்பது வருஷம் மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து செத்துப்போவதில்லை. துருப்பிடித்ததால் இன்னும் நிலையற்றதாக ஆகியிருக்கலாம். தொடாதீர்கள், தூர வந்து 999-ஐ அழையுங்கள். போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு பார்த்துக்கொள்ளும். வெடிமருந்தே இல்லாத சாமான் என்றாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புள்ள பொருள் என்று தோன்றுகிற ஒன்றைக் கண்டெடுத்தால் உடனே தெரிவிக்க வேண்டும். பாராங் கத்தியும் மண்வெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் ஏடிஸ் கொசு வளரும், எலி சிறுநீர் கலந்தால் லெப்டோ காய்ச்சல் வரலாம். செருப்போடு போய் ஒருமுறை முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன். காலில் சின்னக் கீறல் இருந்தது. காய்ச்சல் வருமோ என்று இரண்டு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். மூடிய காலணி போடுங்கள், கைபேசி வெளிச்சத்தை மட்டும் நம்பாமல் தனி டார்ச் கொண்டுபோங்கள், காலையிலேயே போய் மத்தியான மழைக்கு முன் இறங்கிவிடுங்கள்.

குன்றிலிருந்து இறங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஒரு தவறுதான். ‘ஜப்பான் காலம்’ பார்த்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கு தின்ற கதையை எல்லாரும் கேட்டிருப்போம், அந்த டிசம்பர் 11-ஐப் பற்றித் தனியாகக் கேட்டவர்கள் குறைவு. அன்று சாயங்காலம் அண்ணன் மகனையே பெரியம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவருக்கு 91 வயது, அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த குடும்பம். “பாட்டி, விமானம் வந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்க?” என்றான்.

“எங்க அப்பா தோள் மேல, கண்ணு. கூட்டத்துல எனக்குத் தெரியலேன்னு தூக்கிக் காட்டினாரு.”

பையன் போனைப் பிடித்தபடி பேசாமல் இருந்தான். பிறகு, “அப்புறம் பாட்டி?” என்று மெதுவாகக் கேட்டான்.