பிடித்த டிரம்மர் இறந்துவிட்டாரா? அவரை வழியனுப்ப ஒரு வழி

பாடகர் இறந்தால் என்ன செய்வது என்று ரசிகர்களுக்குத் தெரியும், கூடி நின்று அவர் பாட்டைப் பாடுவார்கள். டிரம்மர் இறக்கும்போதுதான் எல்லோரும் திணறிப் போகிறோம். முணுமுணுக்க அவருக்கென்று ஒரு மெட்டு இல்லை, மேடையில் அவர் எப்போதும் பின்வரிசை, பாதி நேரம் முகத்தைச் சிம்பல் என்ற உலோகத் தட்டு மறைத்துவிடும். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு இத்தனை வருடம் நம் காலை ஆட வைத்தது அவர்தான், அதனால்தான் செய்தி வந்ததும் இப்படி நெஞ்சடைக்கிறது. அவருக்கு அஞ்சலி என்றால் முதலில் அவர் கைகளைத் தனியாகக் கேட்கப் பழக வேண்டும், அப்புறம் நாலு பேர் சேர்ந்து அதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் நாள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். குடும்பமோ இசைக்குழுவோ அறிவிக்கும் வரை செய்தியைப் பரப்பாதீர்கள், எதனால் இறந்தார் என்று ஊகிக்கவும் வேண்டாம். ரஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரி 7 அன்று இறந்தார், உலகத்துக்குத் தெரிந்தது 10ஆம் தேதி. மூன்றரை வருடம் மூளைப் புற்றுநோயோடு போராடியதை நெருங்கிய வட்டத்தில் ஒருவர்கூட வெளியே விடவில்லை. அந்த மூன்று நாள் குடும்பத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பூவுக்குப் பதிலாக அவர் பெயரில் ஏதாவது ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ நன்கொடை கொடுக்கலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். இப்படி ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், கேட்டிருந்தால் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

அன்று இரவோ மறுநாளோ தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், அதில் பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மின் சத்தம் பாதி காணாமல் போய்விடும், காதை மூடும் ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. உங்களுக்கு மனப்பாடமான ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நாலு தடவை ஓட விடுங்கள். முதல் தடவை ஹை-ஹாட் மட்டும், அதாவது பாட்டு முழுக்க ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிற ஜோடிச் சிம்பல். இரண்டாவது தடவை ஸ்னேர் என்ற சின்ன டிரம், பெரும்பாலான ராக் பாட்டில் இரண்டாவது நாலாவது தட்டில் ‘பட்’ என்று விழுவது அதுதான். மூன்றாவது தடவை காலால் அடிக்கும் பேஸ் டிரம், அது பேஸ் கிட்டாரோடு எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். நாலாவது தடவை எதையும் தேடாமல் முழுதாகக் கேளுங்கள். பத்து வருடமாகக் கேட்ட பாட்டில் இதுவரை கவனிக்காத ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் இருக்கும், தேட வேண்டியது அதைத்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் ஸ்னேரை அடிக்கும் அந்த நொடியில் ஹை-ஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார், அதனால் அந்த அடி மட்டும் தனியாக, சுத்தமாக வந்து விழும். தெரிந்துகொண்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. தி ஹூ குழுவின் கீத் மூன் ஹை-ஹாட்டைப் பெரும்பாலும் தொடவே மாட்டார், சிம்பலும், டாம் என்ற மற்ற டிரம்களும் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும், பாடகரோடு கூடவே அவரும் பேசுகிற மாதிரி. ஜான் பான்ஹம் என்றால் லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில், 1971இல் வந்தது, கடைசிப் பாட்டின் தொடக்கத்தைப் போடுங்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலே இருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள், அந்தப் பிரம்மாண்டத்தில் பாதி அந்த வீட்டின் சத்தம். மீதிப் பாதி அவருடைய காலும் கையும், அதுவும் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியும் இம்மி பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி.

சரி, அடுத்தது கூடுவது. உடனே கூட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபூ ஃபைட்டர்ஸின் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச் 25 அன்று பொகோட்டாவில் இறந்தார், லண்டன் வெம்பிளியில் அவருக்கான அஞ்சலிக் கச்சேரி செப்டம்பர் 3 அன்றுதான் நடந்தது. அன்றைக்கு அவர் மகன் ஷேன் அப்பாவின் குழுவோடு டிரம்ஸில் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தான், இன்னும் பார்க்கவில்லை என்றால் பாருங்கள். துக்கத்தை இப்படியும் அடித்துத் தீர்க்கலாமா என்று இருக்கும்.

உங்கள் கூட்டத்துக்கு ஆறேழு பேர் போதும், இரண்டு மணி நேரம் போதும், பன்னிரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு பாட்டு கொண்டு வரட்டும், ஓட விடுவதற்கு முன்னால் ‘இந்த இடத்தைக் கவனியுங்கள்’ என்று ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்லட்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், இல்லையென்றால் பிளேலிஸ்ட் பின்னணியில் ஓட எல்லோரும் வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். லைவ் பதிவுகளைக் கூடுதலாகச் சேருங்கள், ஸ்டுடியோவில் தெரியாத ஆவேசம் அங்கே தெரியும், டெம்போ, அதாவது தாளத்தின் வேகம், ஏறுவதும் யாரோ தவறவிட்டதை அவர் பிடித்து நிறுத்துவதும் அங்கேதான் கேட்கும். பெரிய ஹிட்டில் ஆரம்பிக்காதீர்கள். வாட்ஸ் 2021 ஆகஸ்டில் இறந்து ஒரு மாதத்தில் ஸ்டோன்ஸ் டூர் கிளம்பியது. மேடையில் யாரும் இல்லாமல், டிரம் சத்தத்தோடு திரையில் அவர் படங்களை மட்டும் ஓடவிட்டுத்தான் அந்தக் கச்சேரிகளைத் தொடங்கினார்கள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஒரு நிமிடம் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற ஒரு பகுதியைப் போடுங்கள், யாரும் பேச வேண்டாம்.

பாதி நேரம் போனதும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை, டிரம் செட்டும் தேவையில்லை. கூட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு கூட்டம் விரல் நுனியால் மேசையில் சீராகத் தட்டட்டும், ஒன்று முதல் நாலு வரை எண்ணும் ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு, அதாவது ஒரு எண்ணுக்கு இரண்டு, அது ஹை-ஹாட். இன்னொரு கூட்டம் ஒன்றிலும் மூன்றிலும் காலால் தரையை உதைக்கட்டும், மூன்றாவது கூட்டம் இரண்டிலும் நாலிலும் கைதட்டட்டும். நிமிடத்துக்கு 80 எண்ணுக்கு மேல் போகாதீர்கள், முதலில் தாளம் கட்டாயம் வேகமெடுத்து ஓடும், நாலைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் மேலே அவர் பாட்டைப் போட்டு அதனோடு சேர்ந்து போங்கள். ஒரு பாட்டு முழுக்க அசையாமல் தாளத்தைத் தாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று கைக்கே புரியும், அவர் மேல் மரியாதை இன்னும் கூடும். நிஜ டிரம் செட் இருந்தால் காதுக்கு அடைப்பான் போடுங்கள், மூடிய அறையில் அது 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். செட்டில் உட்காருகிறவர் அவருடைய மிகக் கடினமான ஃபில்லை, அதாவது தாளத்துக்கு நடுவே வரும் உருட்டலை, காட்டப் பார்க்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்துகொள்ளக்கூடிய எளிய குரூவ், அதாவது திரும்பத் திரும்ப வரும் தாளம், ஒன்றைப் பிடிக்கட்டும்.

பேச்சு குடி, போதைப் பக்கம் திரும்பும், ராக் டிரம்மர் என்றாலே திரும்பிவிடும். மூனும் பான்ஹமும் இறந்தபோது இருவருக்கும் வயது 32. பான்ஹம் அளவில்லாமல் குடித்த ஒரு நாளுக்குப் பிறகு 1980 செப்டம்பர் 25 அன்று தூக்கத்திலேயே போனார், மூன் 1978இல், குடியை விடுவதற்காகக் கொடுத்த மாத்திரையையே அளவுக்கு மீறிச் சாப்பிட்டு. இதை மறைக்காதீர்கள், ஆனால் வீர சாகசம் மாதிரியும் சொல்லாதீர்கள், அந்தக் கதைகள் பிடிக்கவில்லை எனக்கு. கூட்டத்திலேயே குடியை விட்டு மீண்ட ஒருவர் இருக்கலாம்.

அப்புறம் ஒரு சண்டை வரும்: இனி குழு தொடரலாமா, வேறு ஆள் அந்த இடத்தில் உட்காரலாமா? பான்ஹம் போனதும் லெட் செப்பெலின் அந்த டிசம்பரிலேயே முடித்துக்கொண்டது. ஸ்டோன்ஸ் ஸ்டீவ் ஜோர்டானோடு தொடர்ந்தது. ரஷ் 2025 அக்டோபரில் அனிகா நில்லெஸோடு திரும்ப வருவதாக அறிவித்தது, பியர்ட்டின் மனைவியும் மகளும் அதை வரவேற்றார்கள். எல்லாம் அன்பிலிருந்து வந்த முடிவுகள்தான். புதிதாக வருகிறவரைத் திட்டுவது இறந்தவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது, அவர் எவ்வளவு பயத்தோடு அந்த ஸ்டூலில் உட்காருவார் என்று யோசியுங்கள்.

நினைவிடத்துக்குப் போக முடிந்தால் போங்கள். இங்கிலாந்தின் ரஷாக்கில் தேவாலயத்தின் பக்கத்தில் பான்ஹம் கல்லறை இருக்கிறது, ரசிகர்கள் டிரம் ஸ்டிக்குகளையும் சிம்பல்களையும் வைத்துவிட்டு வருவார்கள். ஸ்டிக்கில் இரண்டு வரி எழுதி வைக்கலாம். பக்கத்தில் மற்றவர்களின் கல்லறைகளும் உண்டு, அதனால் சத்தமாகப் பாட்டுப் போட வேண்டாம், யாரோ வைத்துவிட்டுப் போனதை நினைவுப் பொருளாக எடுத்து வரவும் வேண்டாம்.

அடுத்த வருடம் இறந்த நாளை விட்டுவிட்டுப் பிறந்த நாளில் கூடுங்கள், பியர்ட் என்றால் செப்டம்பர் 12. முதல் வருடம் யார் எந்தப் பாட்டைக் கொண்டு வந்தார், எந்த இடத்தைக் காட்டினார் என்று எழுதி வைத்திருந்தால் அதையே புதிதாக வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், இந்த முறை பாட்டு தேர்ந்தெடுக்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.