ஏழை பணக்காரர் இடைவெளி விரிவதை ஆவணப்படமாக எடுப்பது எப்படி?

ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முனைவோரில் பெரும்பாலோர் முதலில் தேடுவது, ஒரு மாளிகையும் அதன் மதிலை ஒட்டிய குடிசையும் ஒன்றாகத் தெரியும் காட்சியைத்தான். அந்தக் காட்சி உண்மையானதே என்றாலும், இடைவெளி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்த இடைவெளி எந்த வழியாக விரிகிறது என்ற கேள்வியைப் படம் எடுப்பவர் முதல் நாளிலிருந்தே விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படப்பிடிப்புக்கு முன்பே, எந்த இடைவெளியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். வருமானம் ஆண்டுதோறும் வந்து சேர்வது. சொத்து என்பது சேர்ந்து நிற்பதிலிருந்து கடனைக் கழித்தபின் மிஞ்சுவது. 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, மேல்தட்டிலுள்ள 10 சதவீதத்தினர் உலக வருமானத்தில் 52 சதவீதத்தைப் பெறுகின்றனர். சொத்திலோ 76 சதவீதம் அவர்களிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்களுக்குக் கிடைப்பது வருமானத்தில் 8.5 சதவீதம், சொத்தில் 2 சதவீதம் மட்டுமே. இவ்விரண்டு கணக்குகளையும் கலந்து பேசும் படம் எளிதில் மறுக்கப்பட்டுவிடும். சொத்துக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெருங்கடன் வாங்கி மருத்துவம் படித்து முடித்த இளைஞர், கடனே இல்லாத கூலித் தொழிலாளியைவிட ஏழையாக அதில் தெரிவார். அதேபோல், நாடுகளுக்கு இடையிலான இடைவெளி கடந்த சில பத்தாண்டுகளில், முக்கியமாகச் சீனாவின் வளர்ச்சியால், குறைந்திருக்கிறது. பல நாடுகளுக்கு உள்ளே அது கூடியிருக்கிறது. படம் இவற்றுள் எதைச் சொல்கிறது என்பது பார்வையாளருக்குத் தெளிவாக வேண்டும்.

வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் மேல்தட்டு 1 சதவீதத்தினரின் வருமானப் பங்கை 1980இலிருந்து காட்டினால் ஏறுமுகம் மட்டுமே தெரியும். 1920களின் இறுதியிலிருந்து காட்டினால், உச்சத்தில் இருந்த பங்கு 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் பிறகு பெரிதும் இறங்கி, பல பத்தாண்டுகள் தாழ்ந்தே இருந்து, மீண்டும் ஏறியது தெரியும். அந்நாட்டில் 1950களின் பெரும்பகுதியில் 91 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி விகிதம், 1988இல் 28 சதவீதமாக இருந்தது. மேல்தட்டினரின் பங்கு இறங்கியதற்கு வரி மட்டுமே காரணமில்லை; ஆயினும் அந்த இறக்கத்தைக் காட்டாத படம், இடைவெளி தானாகவே வளர்வது என்ற எண்ணத்தை விதைத்துவிடும். ஆகவே கிடைக்கும் தரவில் மிக நீண்ட காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1912இல் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி முன்வைத்த, ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரையிலான எண்ணாக அளக்கும் ஜினி குறியீடு ஆய்வாளர்களுக்குப் பயன்படும். திரையில் ஓரிரு வினாடி தோன்றி மறையும் 0.4 என்ற எண் பார்வையாளருக்கு எதையும் உணர்த்தாது. விகிதத்தையும் வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டுவதே மேல். ஒருவரின் வருமானம் 100இலிருந்து 200 ஆகவும், மற்றவரின் வருமானம் 10,000இலிருந்து 20,000 ஆகவும் உயர்ந்தால் விகிதம் மாறவில்லை. வித்தியாசமோ 9,900இலிருந்து 19,800 ஆகிவிட்டது. இரண்டும் சரியான கணக்குகளே என்பதால், எதைப் பயன்படுத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

படத்தின் உயிர்நாடி இனிமேல் வருவதில் இருக்கிறது. பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழிகளில் ஒன்றை, அல்லது மிஞ்சினால் இரண்டை, தேர்ந்தெடுத்து, அந்தக் கொடுக்கல் வாங்கலின் இரு முனைகளையும் படமாக்குங்கள். வீட்டுவிலை ஏறும்போது உரிமையாளரின் சொத்து உயர்கிறது. அதே ஏற்றம் வாடகைதாரரின் மாதச் செலவில் சுமையாக வந்து இறங்குகிறது. கடன் வாங்கியவர் கட்டும் வட்டி, கொடுத்தவரின் வருமானமாகிறது. அலுவலகத்தின் நேரடி ஊழியராக இருந்த துப்புரவுத் தொழிலாளி ஒப்பந்ததாரரின் ஆளாக மாற்றப்படும்போது, அவர் கூட்டும் தரை மாறுவதில்லை. ஓய்வூதியமும் விடுப்பும் பறிபோகின்றன. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, கடன் பத்திரம் ஆகியவற்றை அருகிலிருந்து படம் பிடித்து, அவற்றை வைத்திருப்பவரையே விளக்கச் சொல்லுங்கள். தம் கணக்கை அவரளவுக்குத் துல்லியமாக அறிந்தவர் வேறு யாருமில்லை.

விரிவைக் காட்டக் காலம் வேண்டும். 1964இல் பிரிட்டனில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று, வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த 14 குழந்தைகளை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்தது. அவ்வளவு பொறுமைக்கு வாய்ப்பில்லாதவர்கள் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகளை உட்கார வைத்து, ஒரு மாத வாடகைக்கு அன்று எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது, இன்று எத்தனை நாள் உழைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். விலைவாசிக் கணக்கின் குழப்பம் இல்லாமல் விடை கிடைக்கும். தாத்தாவின் பெயரில் இருந்த நிலம் பேரனின் கல்விக் கட்டணமாக மாறிய கதையும், நிலமே இல்லாத வீட்டில் அது நிகழாமல் போன கதையும் இந்த உரையாடலில் வெளிவரக்கூடும்.

ஏழ்மையில் இருப்பவரைப் படமாக்கும்போது அவருக்கு என்ன தீங்கு நேரலாம் என்பதை அவருக்கு முன்பே நாம் யோசித்திருக்க வேண்டும். முதலாளியைப் பற்றிப் பேசியவர் வேலையை இழக்கலாம். கடன் கொடுத்தவரைக் குறிப்பிட்டவர் மிரட்டப்படலாம். ஒப்புதலைப் படப்பிடிப்புக்கு முன் ஒருமுறையும், தொகுத்த காட்சியைக் காட்டியபின் மறுமுறையும் பெறுவதையே நான் வலியுறுத்துவேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்தக் கூலியை ஈடு செய்வது நியாயம். அதைப் படத்தில் வெளிப்படையாகத் தெரிவித்தும் விடலாம். அழுகைக்காகக் காத்திருக்கும் கேமரா அவமதிப்பையே செய்கிறது. தரையில் உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு படமெடுக்காதீர்கள்.

செல்வந்தர்களை அணுகுவது இதைவிடக் கடினம். அதனால்தான் பல படங்கள் வறுமையை மட்டுமே காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. வாசல் திறக்காவிட்டாலும் ஆவணங்கள் பேசும்: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், நிலப் பதிவேடுகள், நீதிமன்றக் கோப்புகள். அமெரிக்காவில் அத்தகைய நிறுவனங்களுள் பல தலைமை நிர்வாகியின் ஊதியத்துக்கும், ஊழியர் வரிசையின் நடுவில் நிற்பவரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை 2018 முதல் வெளியிட்டு வருகின்றன. பேச முன்வரும் செல்வந்தரின் வாதத்தை, இடர் ஏற்றதும் வேலை கொடுத்ததும் உட்பட, முழுமையாகப் பதிவு செய்யுங்கள். அரைகுறையாக வெட்டினால் படத்தின் நம்பகத்தன்மைதான் குறையும்.

படத்தொகுப்பில், விருந்தையும் பசியையும் மாற்றி மாற்றி ஒட்டி, சோக இசையைப் பரப்பும் வழக்கத்தைக் கைவிடலாம். ஒரு காட்சிக்கு ஓர் எண் போதும். திரையில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஆண்டு, அளவுகோல், வரிக்கு முன்பா பின்பா, தனிநபர்க் கணக்கா குடும்பக் கணக்கா என்பவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுக் கணக்கெடுப்பில் கிடைத்ததா, வரிப் பதிவேட்டில் கிடைத்ததா என்பதையும் குறியுங்கள். ஏனெனில் பெருஞ்செல்வந்தர்கள் கணக்கெடுப்பில் அரிதாகவே சிக்குகின்றனர், வரிப் பதிவேட்டில் மறைக்கப்பட்ட சொத்து ஏறுவதில்லை. திரையிடலுக்கு முன் அந்தப் பட்டியலை, உங்கள் முடிவோடு உடன்படாத ஒரு பொருளாதார அறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எழுப்பும் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை தொகுப்பை மூடிவிடாதீர்கள்.